மச்சில் பலகை போடுமுன்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். உள்ளே 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம். வெளியே சில அடி தள்ளி ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள். இது எப்படி?

இத்தகைய சூளைச் சுவர்களில் நெருப்பைத் தாங்கும் கெட்டிச் செங்கலுக்குப் பின்னால் இன்னொரு வகைச் செங்கலையும் வைப்பதுண்டு. கையில் எடுத்தால் அது இலேசாக இருக்கும். களிமண்ணுடன் மரத்தூளைக் கலந்து சுடும்போது தூள் எரிந்துபோய், அதன் இடத்தில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. வெப்பத்தைப் பெரிதும் தடுப்பது அத்துளைகளில் அடைபட்ட காற்றுதான். அசையாத காற்றைவிடக் கான்கிரீட் ஏறத்தாழ 50 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் 'அசையாத' என்பது முக்கியம். காற்று சுழலத் தொடங்கினால் அதுவே வெப்பத்தைச் சுமந்து செல்லும்.

இனி வீட்டு மச்சுக்கு வருவோம். குளிர் நாடுகளில் வீட்டின் வெப்பம் மேலே தப்பிப் போகாமலிருக்க, மச்சில் கண்ணாடிக் கம்பளி பரப்புவார்கள். இங்கிலாந்தில் இது வழக்கமாக 270 மி.மீ. கனம். அங்கே பல வீடுகளில் உத்தரங்களின் உயரமோ 100 மி.மீ. அளவுதான். பெட்டிகளை வைப்பதற்காக உத்தரத்தின்மேல் நேரே பலகை அடித்தால் என்ன ஆகும்? கம்பளி 100 மி.மீ. ஆக நசுங்கும், அதிலிருந்த காற்று வெளியேறும், வெப்பத்தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அமுங்கிய பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் தைப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை! ஆகவே, உத்தரத்தின்மேல் கால்கள் நிறுத்தி, கம்பளியைத் தொடாத உயரத்தில் பலகை அமைக்கிறார்கள். கம்பளிக்கும் பலகைக்கும் நடுவே சிறிது இடைவெளியும் விடுகிறார்கள். வீட்டிலிருந்து எழும் நீராவி அதன் வழியே வெளியேறும். ஈரம் கோத்தால் கம்பளி வீண். நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு வெப்பங்கடத்தி.

நம் ஊரில் வெப்பம் வரும் திசை வேறு. தகரக் கூரை சித்திரை வெயிலில் காய்ந்து, கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. அதன் கீழே பலகை உட்கூரை போட்டுக் கம்பளி பரப்பியவர்களுக்கும் அதே விதிதான்: பித்தளை அண்டாவையும் கொலுப் பொம்மைப் பெட்டியையும் கம்பளியின்மேல் ஏற்றக்கூடாது.

மொட்டைமாடித் தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை நிரப்பி, தட்டோடு பதிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதுவும் உயர்த்திய தளமே அல்லவா? நாம் நடப்பது ஓட்டின்மேல். காற்று பானைக்குள் பத்திரம்.

பளுவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்த்திய பலகையின் கால்கள் உத்தரத்தின்மேல் நிற்க வேண்டும். உட்கூரைப் பலகையின்மேல் நிற்கக் கூடாது. உட்கூரை தன் எடையைத் தாங்கச் செய்ததே தவிர, ஆளையும் அண்டாவையும் தாங்க அன்று. உத்தரத்தின் நடுவில் ஒரே பளுவை வைக்கும்போது, தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். உத்தரத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே மச்சின் நடுவில் இலேசான பொம்மைப் பெட்டிகள் இருக்கட்டும். கனமான ஊறுகாய் ஜாடிகளும் அண்டாக்களும் சுவரோரம் போகட்டும். பழைய உத்தரமானால், ஏற்றுமுன் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒரு தச்சரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.