சீனப் பாட்டி தந்த கொழுக்கட்டை

வகுப்பில் ஒற்றுமையைப் பற்றிப் பாடம் நடத்தும் நான், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஆண்டுதோறும் தந்த பலகாரத்தைக் கொல்லையில் கொட்டி வந்தேன். எதில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம்தான்.

ஒரு டிசம்பரில் பாட்டி கிண்ணத்தோடு வந்தபோது என் மகள் உடனிருந்தாள். "சிக்கு, மாக்கான்லா! பாபி தாடா" என்று சிரித்தார் பாட்டி. மகள் என் முகத்தையே பார்த்தாள். வேறு வழியின்றி ஓர் உருண்டையை வாயிலிட்டேன்.

வழுவழுப்பு முதலில் தயக்கம் தந்தது. மென்றதும் இஞ்சிக் காரமும் பாண்டான் இலை மணமும் எழுந்தன. நம் பால் கொழுக்கட்டைக்குத் தங்கை எனலாம்!

இதன் பெயர் 'தாங் யுவான்'. புளுட் அரிசி மாவைப் பிசைந்து, சிவப்பும் வெள்ளையுமாக உருட்டிக் கொதிநீரில் இடுவார்கள். வெந்தவை மேலே மிதக்கும். அவற்றை இஞ்சிப் பாகில் சேர்ப்பார்கள்.

டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் 'டோங் சி' நாளில் குடும்பம் கூடி இதை உண்ணும். பூமியின் வடபாதியில் ஆண்டின் மிக நீண்ட இரவு அது. பின்னர் பகல் வளரும். நம் உத்தராயணம் நினைவுக்கு வருகிறதல்லவா? உருண்டை வடிவம் குடும்பம் பிரியாதிருப்பதைக் குறிக்கிறது.

எள் பூரணம் வைத்ததில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவர்கள் கேட்டு உண்ணலாம். கேட்பது தவறன்று. கேளாமலே கொட்டியதுதான் தவறு.

தைப்பொங்கலன்று அதே கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். நெய் வாசனையை முகர்ந்த பாட்டி, "லெம்பு தாடா?" என்றார். குவான் யின் அம்மனை வணங்கும் அவருக்கு மாட்டிறைச்சி ஆகாதாம்! இருவரும் சிரித்துவிட்டோம்.