நாற்பதிலும் பல்லுக்குக் 'கிளிப்' போடலாம்

புதுடெல்லி: பல்லுக்குக் 'கிளிப்' போடுவது பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. சிறுவயதில் வசதியின்றி விட்டுவிட்டவர்கள், கையால் வாயை மறைத்தே சிரித்துப் பழகி, நாற்பதைக் கடந்த பின்னர் மருத்துவரை நாடுகின்றனர். 'இனிமேல் எதற்கு?' என்ற கேள்வி முதலில் எழுவது வீட்டில்தான்.

வயது இதற்குத் தடையல்ல. கம்பியின் மெல்லிய அழுத்தத்தால் பல் நகரும் திசையில் எலும்பு கரைகிறது. பின்புறம் புதிதாக வளர்கிறது. இது எந்த வயதிலும் நிகழும். ஆனால், தாடையின் வளர்ச்சி முடிந்துவிட்டதால் அதன் கோணலைக் கம்பியால் மட்டும் நிமிர்த்த இயலாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். ஈறு நோய் இருப்பின் அதை முதலில் குணப்படுத்தியாக வேண்டும். இல்லையேல் ஆடும் பல் மேலும் ஆடும். சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். கம்பியைக் கழற்றிய பிறகு, பல்லை நிலைநிறுத்தும் 'ரிடெய்னர்' அணியாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும்.

செலவுதான் சிக்கல். மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பெரும்பாலானவை இதை ஏற்பதில்லை. தலைநகரில் எய்ம்ஸ் பல் மருத்துவ மையமும், மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் அரசு சார்ந்தவை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகளே கதி. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய பல் மருத்துவ ஆணைய மசோதாவை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்வியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்துவதே அதன் பணி. காப்பீடு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

கட்டணம் பேசும் முன், மருத்துவர் 'ஆர்த்தோடான்டிக்ஸ்' எனும் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என விசாரிப்பதும், ரிடெய்னர் செலவு அதில் அடங்குமா என எழுதி வாங்குவதும் நல்லது.