நாய்க்கு ஓர் அலமாரி

பழங்காலத்து வீடொன்றை இடிக்க ஏற்பாடாகிவிட்டால், கடப்பாரை சுவரில் விழுவதற்கு முன்பே கழற்றப்படுவது மரம்தான். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் இல்லாத கிராக்கி நிலைக்கும் கதவுக்கும் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளுக்காகப் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூணாகவும் சித்திர வேலை செய்த நிலையாகவும் வாங்குவாரை எதிர்பார்த்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் நான் எழுதப் புகுந்தது அந்த உயர்ந்த சரக்கைப் பற்றியன்று. முழுதாக விற்க வழியில்லாமல், மூன்றடியும் நான்கடியுமாகத் துண்டுபட்டு, பழைய மரக்கடையின் பின்கட்டில் விறகு விலைக்குக் காத்துக் கிடக்கும் ஜன்னல் சட்டங்களையும், உடைந்த கதவுப் பலகைகளையும், மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் தாங்கிய உத்தரங்களின் அறுபட்ட முனைகளையும் பற்றியே எழுதுகிறேன். பல தலைமுறைக் காலம் வெயிலையும் மழைக்காலத்து ஈரத்தையும் மாறி மாறி அநுபவித்து, முறுக்கிக்கொள்ளும் சுபாவம் பெரும்பாலும் அடங்கிப்போன அந்த மரம் அடுப்பில் எரிவது பெருத்த நஷ்டம். வீட்டில் வளரும் நாய்க்கோ பூனைக்கோ வேண்டிய சாமான்களை வைக்க ஓர் அலமாரி செய்வதற்கு நீளப் பலகை வேண்டியதில்லையாதலால், கடைக்காரர் ஒதுக்கிவிட்ட இந்தத் துண்டுகளே அதற்குப் போதும்.

அப்படி ஓர் அலமாரியின் அவசியம், பிராணி வளர்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். தீவன மூட்டை சமையலறையில், சங்கிலியும் கழுத்துப்பட்டையும் வாசற்கதவின் பின்னால், உண்ணி மருந்து குழந்தைகளின் மருந்தோடு, சீப்பும் சோப்பும் குளியலறை மாடத்தில் என்று எல்லாம் சிதறிக் கிடக்கும் வீட்டில், நாயின் மருந்து மனிதர் கைக்கும் மனிதரின் மாத்திரை நாயின் வாய்க்கும் போய்ச் சேருவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடவே கூடாது. பலகையை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து விரல் மடக்கால் தட்டினால், திடமான கட்டை கணீரென்று பதில் சொல்லும். உள்ளே உளுத்துப் போனது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமிருந்தால் உளியின் முனையை ஓரத்தில் அழுத்திப் பார்க்கலாம். வைரம் பாய்ந்த கட்டையில் அது எளிதில் இறங்காது. வண்டு துளைத்த அடையாளம் தென்பட்டவுடனே பலகையைத் தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. துளையின் உட்புறம் கறுத்துத் தூசி படிந்திருந்தால் வண்டு என்றைக்கோ வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். பலகையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டும்போது வெளுத்த புதுத் தூள் உதிருமானால், எவ்வளவு அழகான பலகையானாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவருவது பிசகு. தேக்கு கிடைக்காவிட்டால் வேம்பும் வேங்கையும் பலாவும் இதற்குப் போதுமானவை.

துறைமுகச் சரக்கோடு வந்து மலிவாக விற்கப்படும் பைன் பலகைகளை வாங்குகிறவர்கள், அவற்றில் சூடு போட்டிருக்கும் சர்வதேச முத்திரையைக் கவனிப்பது நல்லது. எச்.டி. என்ற எழுத்துக்கள், அந்த மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி உஷ்ணத்தில் 30 நிமிஷம் காய்ச்சிப் பூச்சிகளை அழித்திருக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கும், எம்.பி. என்றிருந்தால், மெதில் புரோமைடு என்னும் விஷ வாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிராணிகள் புழங்கும் இடத்துக்கு நான் முன்னதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இதைக் காட்டிலும் கவலைக்குரியது பழைய வர்ணம். நம் தேசத்தில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் அதற்கு முந்திய பச்சை வர்ணமும் மஞ்சள் வர்ணமும் பூசிய ஜன்னல் சட்டத்தில் ஈயம் இருக்கும் என்றே கருதி நடந்துகொள்வது விவேகம். அத்தகைய சட்டத்தை உப்புத்தாள் போட்டு உலர் நிலையில் தேய்த்தால், எழும் தூசி தேய்ப்பவரின் மூச்சில் மட்டுமல்ல, தரையில் படிந்து, தரையையும் தன் பாதத்தையும் நக்கிக்கொண்டே இருக்கும் ஜீவனின் வயிற்றிலும் சேரும். நாய்க்குட்டியோ, பல் முளைக்கும் பருவத்தில் அலமாரியின் காலையே கடித்துப் பார்க்கும். ஆகவே வர்ணம் பூசாத கட்டையைத் தேடி எடுப்பதே உத்தமம்; கதவின் முன்பக்கம் வர்ணமடித்தவர்கள் மச்சுப் பலகையின் மேற்பக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார்கள்.

ஆணி பிடுங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. துருப்பிடித்த ஆணியைத் தலைப்பக்கமாக இழுத்தால் தலை மட்டும் கழன்று வரும். கூர் வெளியே தெரியும் பக்கத்திலிருந்து மெல்லத் தட்டித் தலையைச் சிறிது எழுப்பிய பிறகே குறடால் பற்ற வேண்டும். பிடுங்கியாகிவிட்டது என்று தோன்றினாலும், பலகை நெடுகக் காந்தம் ஒன்றை நகர்த்திப் பார்த்துவிட்டு இழைப்புளியைத் தொடுவது நல்லது. முறிந்து உள்ளே தங்கிய துண்டு ஒன்று இழைப்புளியின் வாயை ஒரு நொடியில் பாழாக்கிவிடும். இழைத்த மாத்திரத்தில், சாம்பல் நிறத்துக்கடியிலிருந்து பொன்னிறமும் தேக்குக்கே உரிய வாசனையும் வெளிப்படும். அந்தத் தேக்கில் இயல்பாக ஊறியிருக்கும் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்ட வேண்டிய முகத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்பாகத்தான் இழைக்க வேண்டுமென்பது அநுபவமுள்ள ஆசாரிகள் கண்ட முறை.

அலமாரியின் அளவைத் தீர்மானிப்பது தீவன மூட்டை. இருபது கிலோ மூட்டையை மேல்தட்டில் ஏற்றினால் அலமாரி தலைகனத்துச் சாயும். ஆதலால் அதன் இடம் கீழ்த்தட்டேயன்றி வேறில்லை. தட்டுப் பலகையின் கனம் பாதியாகக் குறைந்தால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். கால்களுக்கிடையே உள்ள தூரம் இரட்டித்தால் அதே பாரத்துக்கு எட்டு மடங்கு வளையும். எனவே ஓர் அங்குலக் கனமுள்ள பலகையை எடுத்துக்கொண்டு, மூன்றடி அகலத்துக்கு நடுவில் ஒரு தாங்கல் கொடுப்பது போதுமான ஜாக்கிரதை. பக்கப் பலகையில் காடி வெட்டித் தட்டை அதில் இறக்கிப் பிறகு திருகாணி முடுக்கினால், பாரம் முழுவதும் ஆணியின்மேல் விழாது. தரையிலிருந்து நான்கு அங்குலம் உயரக் கால் வைப்பதும் அவசியம். கீழே துடைப்பம் போக வேண்டும், கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். எறும்புக்காகக் காலடியில் நீர்க் கிண்ணம் வைப்பது நம் பாட்டிமார் கண்ட நல்ல உபாயமென்றாலும், நாய் அந்த நீரைக் குடித்துவிடுமாதலால் இங்கே உதவாது; தீவனத்தை அதன் உறையோடு அப்படியே இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்தால், எறும்பும் நுழையாது, காலாவதித் தேதியும் தொலையாது.

மருந்துக்கு உயரத்தை நம்ப வேண்டாம். தோள்வரைக்கும் இரண்டடிக்குமேல் வளரும் ராஜபாளையம் நாய் பின்கால்களில் நின்றால் எட்டாத தட்டு அபூர்வம். பூனைக்கோ உயரம் ஒரு பொருட்டே அல்ல. குடற்பூச்சி மாத்திரைக்கும் உண்ணி மருந்துக்கும் தாழ்ப்பாளிட்ட கதவு ஒன்றே பாதுகாப்பு.

மெருகு விஷயத்தில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு: குறைந்த மெருகே நிறைந்த அழகு. தேக்கின் மேல் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தாலே போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். கறையான் மருந்தும் பூச்சி மருந்தும் வாங்கும்போது, அவற்றுட் சிலவற்றில் கலந்திருக்கும் பெர்மெத்ரின் என்ற வஸ்து, நாய் தாங்கும் அளவில்கூடப் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கவல்லது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எதைப் பூசினாலும், அதன் நெடி அறவே போகும்வரை அலமாரியை மொட்டைமாடி நிழலிலோ தாழ்வாரத்திலோ விட்டு வைப்பதே முறை. நம் மூக்குக்கு எட்டாத நெடி நாயின் மூக்குக்கு எட்டும்.

உள்ளே கொண்டுவந்த பிறகு, மேற்கு வெயில் விழாத சுவரோரமாக நிறுத்தி, மேல் சட்டத்தைச் சுவரோடு இரண்டு இடத்தில் திருகாணியால் பிணைத்துவிட வேண்டும். பூனை தாவும் வேகம் எவ்வளவு கனத்த அலமாரியையும் அசைத்துவிடும். மருந்துத் தட்டின் கதவுக்கு உட்புறத்தில் தடுப்பூசி அட்டையையும் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் ஒட்டிவைத்தால், நடுராத்திரியில் மருந்து தேடும் பதற்றத்தில் வீட்டில் யார் கதவைத் திறந்தாலும் வேண்டியது கண்ணெதிரில் இருக்கும்.