அளவுகோலும் நோயாளியும்

உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டாமென்று மறுப்பார் யாருமிலர். நன்றாக நோய் தீர்க்கும் வைத்தியருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன குற்றம் என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். ஆனால், 'நன்றாக' என்பதை எவ்வாறு அளப்பது? சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

2004-ஆம் ஆண்டில் பிரிட்டனில் குடும்ப வைத்தியர்களுக்குப் புதியதோர் ஊதியத் திட்டம் வகுக்கப்பட்டது. அவர்களது பணியை அளக்க 146 குறியீடுகள், அவற்றிற்கு மொத்தம் 1,050 புள்ளிகள், புள்ளிக்கேற்பப் பணம். முதலாண்டிலேயே சராசரியாக நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்றுவிட்டனர். நீரிழிவு, ஆஸ்துமா முதலிய நோய்களுக்கான கவனிப்பும் முதலில் விரைந்து மேம்பட்டது.

ஆயினும் ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். ஆஸ்துமா, இருதய நோய் ஆகியவற்றில் புள்ளி வைக்கப்படாத பணிகளின் தரம் 2007-க்குள் தாழ்ந்திருந்தது. தம்மை நெடுநாள் அறிந்த வைத்தியரையே காணும் வாய்ப்பும் நோயாளிகளுக்குக் குறைந்தது.

நோயாளியை 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற இலக்கும் அப்போது இருந்தது. சில இடங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்கூட்டி நாள் குறித்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்! அடுத்த வாரம் வர வேண்டிய நோயாளி இன்றே பதிவு செய்ய இயலவில்லை. கணக்கு மட்டும் சரியாக இருந்தது. 2005-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைக் கேட்டுப் பிரதமர் டோனி பிளேர் வியப்புற்றார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது பழங்கதையாகவே தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1862-இல் பள்ளி மானியத்தை மாணவரின் வருகையோடும் தேர்வோடும் பிணைத்தார்கள். எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அளக்கப்பட்டன. பிள்ளைகள் வாசக நூலைப் பொருளறியாது நெட்டுருச் செய்தனர். பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அதைக் கண்டித்தார்.

இவர்களெல்லாம் நேர்மையற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளில் உள்ள நேரம் அளவுடையது. எண்ணப்படும் பணிக்கு அது மிகுதியாகச் சென்றால், எண்ணப்படாத பணிக்குக் குறையத்தானே செய்யும்? நோயாளியின் அச்சத்தைப் பொறுமையுடன் கேட்டறிவதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

ஸ்காட்லாந்து 2016-இல் அந்தப் புள்ளித் திட்டத்தைக் கைவிட்டது. அளவுகோலே வேண்டாமென்று நான் கூறவில்லை; அளவின்றிக் குறைகள் வெளிப்படா. நாளை உங்களில் சிலர் திட்டம் வகுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று எழுதிய தாளின் மறுபுறத்தில், எதற்குக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிப் பாருங்கள்.