மணலியில் பழகிய வயலின்

திருவொற்றியூரை அடுத்து, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் மணலியில்தான் ஒருகாலத்தில் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. ஆதரித்தவர் முத்துகிருஷ்ண முதலியார். அவருடைய மகன் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய இசையைக் கேட்க வைத்தார்.

விளைவு பெரிது. தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசை மேடைக்கு அந்தக் கருவி வர வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர். அண்ணன் முத்துசுவாமி, அந்த மேலைநாட்டு மெட்டுகளின் சாயலில் சங்கராபரணத்தில் சமஸ்கிருதப் பாடல்கள் அமைத்தார். அவைதான் நொட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய 40 உண்டு. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டிலும் ஒன்று இருக்கிறது. கமகம் என்னும் சுர அசைவு இல்லாததால் கிட்டார் பழகும் மாணவர்கள் குழுவாகவே வாசிக்கலாம்.

ஆனால் எல்லா இசையும் கிட்டாரில் இவ்வளவு எளிதாக அமையாது. உதாரணமாக, துருக்கி இசையைச் சாதாரண கிட்டாரில் அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அங்கே ஒரு முழு சுர இடைவெளியை ஒன்பது நுண்பங்காகக் கணக்கிடுவார்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட்டு என்னும் கம்பிகளோ அதைச் சரிபாதியாக மட்டுமே பிரிக்கும். அதனால்தான் துருக்கிக் கலைஞர் எர்கான் ஓவுர் 1976இல் ஃபிரெட்டே இல்லாத கிட்டாரை உருவாக்கினார். 2008இல் டோல்கஹான் சோவுலு, ஃபிரெட்டுகளை நகர்த்தி வைக்கக்கூடிய கிட்டாரை வடிவமைத்தார்.

உங்கள் வீட்டில் கிட்டார் பழகும் பிள்ளை இருந்தால், முதலில் ஒரு நொட்டுஸ்வரத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.