பரணில் கிடக்கும் விளையாட்டு அஞ்சல்தலை: எடைக்குப் போடலாமா, எடுத்து வைக்கலாமா?

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே பழைய கடிதக் கட்டு. சில உறைகளில் ஹாக்கி, கிரிக்கெட் படம் போட்ட அஞ்சல்தலைகள். ‘பழசுதானே, எடைக்குப் போட்டுடலாம்’ என்பார் ஒருவர். ‘இதுக்கெல்லாம் லட்சக்கணக்குல தர்றாங்களாம்’ என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே தவறு.

விளையாட்டு அஞ்சல்தலை எப்போது வந்தது?

1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, கிரீஸ் 12 அஞ்சல்தலைகளை வெளியிட்டது. பணத் தட்டுப்பாட்டில் இருந்த போட்டிக்கு அந்த விற்பனை கைகொடுத்தது.

சுதந்திர இந்தியாவின் கணக்கு 1951 மார்ச் 4-ல் தொடங்குகிறது. டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கிய நாள் அது. இரண்டு அணா, 12 அணா மதிப்பில் தீபம் பொறித்த இரண்டு அஞ்சல்தலைகள் வந்தன.

மணப்பட்டுக்கு அது வெளிநாட்டு அஞ்சல்தலை!

அன்று கடலூர் இந்தியாவில் இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பாகூர் கொம்யூனில் உள்ள மணப்பட்டோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்குத் தனி அஞ்சல்தலை. அதன் மதிப்பும் அணாவில் அல்ல, பணம், காசு கணக்கில். எட்டுப் பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபிறகுதான் இந்திய அஞ்சல்தலை இவ்வூர்க்காரர்களுக்குச் சொந்த அஞ்சல்தலையானது.

பிரான்ஸில் உறவினர் இருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் தேடிப் பார்க்கலாம். 1998 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகப் பிரான்ஸ் வட்ட வடிவில் ஒரு அஞ்சல்தலை வெளியிட்டது. அந்நாட்டின் முதல் வட்ட அஞ்சல்தலை அது. பிரான்ஸ் கோப்பையை வென்றதும், ‘உலக சாம்பியன்’ என்ற வாசகம் சேர்த்து மறுபடியும் வந்தது. அக்காலத்துக் கடிதம் இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தியத் தலைகளில் எவை முக்கியம்?

1966-ல் பாங்காக் ஆசியப் போட்டி இறுதியில் பாகிஸ்தானை 1-0 என வீழ்த்தி இந்தியா முதல்முறை ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதற்கு 15 காசு தலை வந்துவிட்டது. 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணிலேயே வென்றதற்கு 20 காசு தலை. அந்த இரு தொடர்களிலும் ஆடியவர் நம்ம சென்னையின் வெங்கட்ராகவன். 1980-ல் தியான் சந்த். 2013 நவம்பர் 14-ல், தன் 200-வது டெஸ்ட் தொடங்கிய நாளில் சச்சின்.

விலை போகுமா?

வயது மட்டும் விலையைத் தீர்மானிக்காது. நினைவு அஞ்சல்தலைகள் பொதுவாக லட்சக்கணக்கில் அச்சாகின்றன. அதனால் சச்சின் தலையோ, 1971 கிரிக்கெட் தலையோ அரிதல்ல. எத்தனை அச்சானது, பல் உடையாமல் இருக்கிறதா, பின்பக்கப் பசை கெடவில்லையா, அச்சுப் பிழை உண்டா என்பவைதான் விலையை ஏற்றும்.

‘விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய நாணயம், ரூபாய் நோட்டு விஷயத்தில் இப்படிக் கட்டணம், வரி என்று பணம் பறிப்பவர்கள் குறித்து ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. அதே தூண்டில் இங்கேயும் விழலாம்.

என்ன செய்யக் கூடாது?

உறையிலிருந்து தலையைக் கிழிக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவும் அவசரப்படாதீர்கள். ஊர், தேதி முத்திரையோடு உறை முழுசாக இருந்தால்தான் அதன் கதை முழுசாக இருக்கும். வெளியீட்டு நாளிலேயே முத்திரை பதித்த ‘முதல் நாள் உறை’ என்றால் இன்னும் கவனம் தேவை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கடலோர ஊரில் ஈரக்காற்று பசையை இளக்கி, தலைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம்.

பிள்ளைகளுக்கு என்ன பயன்?

தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டி அஞ்சல்தலை வைப்புக் கணக்கு தொடங்கினால், புதிய தலைகள் அச்சிட்ட விலைக்கே வீடு தேடி வரும்.

அந்தக் கணக்கு இன்னொரு கதவையும் திறக்கிறது. 2017-ல் தொடங்கப்பட்ட தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டம், 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் அஞ்சல்தலை ஆர்வலர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. வகுப்புக்கு 10 பேர் வீதம் ஒவ்வொரு அஞ்சல் வட்டத்திலும் 40 பேர். புதுச்சேரி, தமிழ்நாடு வட்டத்தில் வருகிறது. பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இல்லாவிட்டாலும், சொந்தக் கணக்கு வைத்திருக்கும் மாணவர் விண்ணப்பிக்கலாம். வினாடி வினா எழுதி, பிறகு ஒரு செயல்திட்டம் கொடுக்க வேண்டும்.

பரணில் கிடைத்த ஹாக்கித் தலை சந்தையில் சில ரூபாய்தான் பெறலாம். ஆனால் பாங்காக் தங்கத்தின் கதையைத் தாத்தா சொல்லி, பேத்தி அதை எழுதி வைத்தால், அதுவே ஒரு செயல்திட்டத்தின் முதல் பக்கம். போகித் தீயில் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.