கொடிமரமும் பீடமும்

ஆகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புப் பெருநாள் பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் தேசியக் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடுத்தாயிற்று. எதிரே டீக்கடையில் நிற்கும்போது பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, கொடியை ஏன் வாசல்லயே ஏத்துறோம்? பீடத்துக்குப் பக்கத்துல வெச்சு, உள்ளேயே ஜனகணமன பாடினா என்ன?"

நியாயமான கேள்வி, தம்பி. ஆனால் பூசைக்குள் நாடு ஏற்கெனவே வந்துவிட்டது. மறையுரைக்குப் பின் விசுவாசிகள் மன்றாட்டு சொன்னோமே, அதில் திருச்சபைக்கு அடுத்ததாக வருவது நாட்டை ஆள்பவர்களுக்கான மன்றாட்டு. அரசர்களுக்காக வேண்டும்படி திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. அன்றைய அரசர் ரோமைப் பேரரசர்; கிறிஸ்தவர் அல்ல. அவருக்காக வேண்டிக்கொண்ட அதே கிறிஸ்தவர்கள், அவர் சிலைக்குத் தூபமிட மறுத்து உயிரையும் கொடுத்தார்கள். நாட்டுக்காக வேண்டுவது வேறு, நாட்டை வணங்குவது வேறு.

இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது லண்டனில் நடந்த ஒரு வழிபாடு. 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின. பிரிட்டன் வென்றது. ஜூலை 26 அன்று புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு. அரசியும் பிரதமர் தாட்சரும் வந்திருந்தார்கள். இறந்த வீரர்களின் குடும்பத்தாரும் இருந்தார்கள். மறையுரை ஆற்றியவர் கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி. கோழை என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து, வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கியவர். தீவுகளை மீட்கப் படை அனுப்பியதையும் ஆதரித்தவர்தான்.

அந்த மனிதர் அன்று வெற்றியைப் பாடவில்லை. இரு பக்கமும் அழுகிறார்கள் என்றார். நம் வீட்டுத் துக்கத்தோடு, மடிந்த அர்ஜென்டின இளைஞர்களின் உறவினர்களையும் ஜெபத்தில் நினைக்கச் சொன்னார். கடவுளுக்கே சேரவேண்டிய அன்பையும் விசுவாசத்தையும் தேசத்துக்குக் கொடுத்தால், அது கடவுளின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றும் எச்சரித்தார். ஆளுங்கட்சி எம்.பி.க்கள் சிலர் கொதித்தார்கள்; பிரதமருக்கும் பிடிக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் 255, அர்ஜென்டினர் 649. அங்கேயும் தாய்மார்கள் கோயிலுக்குத்தான் போனார்கள். "எங்கள் தந்தையே" என்ற அதே ஜெபத்தை ஸ்பானிய மொழியில் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி லண்டன் பேராலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவளும் வாய்திறந்து "ஆமென்" சொல்ல முடியவேண்டும். முடியாதென்றால் அது அரசு விழா; வழிபாடு அல்ல. ரன்சி அவளுக்கும் இடம் வைத்தார்.

அதனால்தான் கொடி வாசலில் நிற்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வாசலில் நின்று நெஞ்சு நிமிர்த்திப் பாடுவோம், குறையே இல்லை. உள்ளே பீடத்துக்கு முன்னால் நாம் முழந்தாளிடும்போது, நம்மோடு நாடும் முழந்தாளிடுகிறது.

அடுத்த ஆகஸ்ட் 15-க்கு மன்றாட்டு எழுதும் முறை உங்களுக்கு வந்தால், தம்பி, நம் வீரர்களுக்காக எழுதுங்கள். அதற்குக் கீழே எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளையை இழந்தவர்களுக்காகவும் ஒரு வரி சேருங்கள்.